ராஜ்யோத்சவாவுக்கு ‘தமிழ்நாடு சார்பா’ மேடைக்கு வரச் சொல்றாங்க, போகவா வேணாமா?

ஸ்ரீராம்புரம்_பொண்ணு | அக்டோபர் 22, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ நான், இன்னிக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன். நீளமா போனா மன்னிச்சிடுங்க.

நாங்க இருக்கறது பெங்களூர்ல ஒரு அபார்ட்மெண்ட், நூத்தி நாப்பது வீடு. நவம்பர் 1, ராஜ்யோத்சவா, அதாவது கர்நாடகா உருவான நாள் வந்தா கீழ பார்க் பக்கத்துல கன்னடக் கொடி ஏத்துவாங்க, வருஷா வருஷம் நானும் போவேன், கை தட்டுவேன், மைசூர்பாக் வாங்கிட்டு வருவேன், அவ்ளோதான். இந்த வருஷம் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு புதுசா ஒரு ஐடியா வந்துடுச்சு, ஒவ்வொரு மாநிலத்துக்காரங்க சார்பாவும் ஒருத்தர் மேடைக்கு வந்து கொடிக்கு பூ போட்டு கன்னடத்துல ரெண்டு வார்த்தை பேசணுமாம். குஜராத்துக்கு ஒருத்தர், பெங்காலுக்கு ஒருத்தர், கேரளாவுக்கு ஒரு சேட்டா, தமிழ்நாட்டுக்கு நான். என்னைக் கேக்காமலே லிஸ்ட்ட குரூப்ல போட்டுட்டார்.

நான் தமிழ்நாட்டுல இருந்த நாளை எல்லாம் கூட்டினா ரெண்டு மாசம் தேறாதுங்க. தாத்தா ஆம்பூர் பக்கத்துல இருந்து பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர், அப்பா பொறந்தது ஸ்ரீராம்புரத்துல, நானும் அதே வீட்ல வளந்தவ. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் கன்னடம். தமிழ் படிக்கக் கத்துக்கிட்டதே பஸ் போர்டுல இல்ல, அம்மா வாங்குற வாரப் பத்திரிகைல. செக்ரட்டரி தாவணகெரேல இருந்து 2012ல இங்க வந்தவர். நல்ல மனுஷன், அதையும் சொல்லிடறேன். ஆனா என்கிட்ட வந்து, “மேடம் கன்னடம் கஷ்டமா இருந்தா நான் எழுதித் தர்றேன், பாத்துப் படிச்சிடுங்க”ன்னார் பாருங்க, எனக்கு வாயடைச்சிப் போச்சு.

கொடி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அந்தக் கொடிக்கு முன்னாடி என்னை விருந்தாளியா நிக்க வெக்கறாங்களே, அதுதான் உறுத்துது. நான் ஓவரா யோசிக்கறேனா?

---

பெல்லந்தூர்_டிராஃபிக் | அக்டோபர் 22, இரவு 11:15

ஓவர்தான் 😀 தப்பா நினைக்காதீங்க அக்கா. நான் ஈரோட்டுக்காரன், இங்க வந்து ஒன்பது வருஷம். எந்தக் கொடியும் எனக்கு ஒண்ணுதான், துணி. ஆகஸ்ட் 15க்கு ஆபீஸ்ல காவி, வெள்ளை, பச்சைல குர்தா போட்டுட்டு வரச் சொல்வாங்க, நவம்பர் 1க்கு மஞ்சள் செவப்பு சால்வை குடுப்பாங்க, ரெண்டுக்கும் செல்ஃபி எடுத்துட்டு போய் கோட் அடிக்கறேன். பூ போட்டுட்டு மைசூர்பாக் ரெண்டா வாங்கிக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். 2016 செப்டம்பர் 12ஆம் தேதி காவிரி கலவரத்துல என் டிஎன் 33 வண்டிய பேஸ்மெண்ட்ல தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, நம்பர் பிளேட் மேல ஒரு பெட்ஷீட்டையும் கட்டினேன். ஏழாவது மாடில இருந்துட்டு நாலு நாளு சன்னல் வழியா பாத்துட்டு இருந்தேன். அப்ப அது வெறும் துணியா தெரியல.

---

எக்ஸ்_சாப்பர் | அக்டோபர் 23, காலை 6:05

உல்சூர் எம்.இ.ஜி.ல (ராணுவத்தோட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருபத்திரெண்டு வருஷம் சர்வீஸ். கொடி விஷயத்துல சில விதி இருக்கு, முதல்ல அத சொல்லிடறேன்.

உங்க காம்பவுண்டுல ஒரே கம்பம்தானே இருக்கும். ஒரே கம்பத்துல தேசியக் கொடியோட வேற கொடி கட்டக் கூடாது. பக்கத்துல தனிக் கம்பம் வெச்சா தேசியக் கொடி, எதிர்ல நிக்கறவனுக்கு இடது கைப் பக்கம் வரணும், மத்தது அதவிட ஒசரமா போகக் கூடாது. அளவு மூணுக்கு ரெண்டு. 2002க்கு முன்னாடி சாதாரண ஆளு வருஷம் பூரா வீட்ல கொடி ஏத்த முடியாது, குறிப்பிட்ட நாள்ல மட்டும்தான். 2004ல சுப்ரீம் கோர்ட்டு அது பேச்சுரிமைல சேரும்னு சொல்லிச்சு. 2021 டிசம்பர்ல பாலியஸ்டருக்கும் மெஷின் துணிக்கும் அனுமதி, 2022 ஜூலைல ராத்திரியும் பறக்கலாம்னு மாத்துனாங்க. கிழிஞ்சா குப்பைல போடக் கூடாது, தனியா வெச்சு மரியாதையா எரிக்கணும்.

துணின்னு சொன்ன தம்பிக்கு: பெட்டி மேல கொடி போத்தும்போது காவி தலைப்பக்கம் வரணும். குழிக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடி, இல்ல நெருப்பு வெக்கறதுக்கு முன்னாடி எடுத்து மடிச்சிடணும். நான் மூணு தடவ மடிச்சிருக்கேன். நல்லா வெயிட்டா இருக்கும்.

---

பெல்லந்தூர்_டிராஃபிக் | அக்டோபர் 23, காலை 8:50

சாரி சார். மன்னிச்சுக்கோங்க.

---

ரெண்டாவது_கிராஸ் | அக்டோபர் 23, காலை 11:20

சாப்பர் சார் தேசியக் கொடி சொன்னார், நான் மஞ்சள் செவப்ப பத்தி சொல்றேன். அது சட்டப்படி மாநிலக் கொடி கெடையாது. 1960கள்ல ம. ராமமூர்த்தின்னு ஒருத்தர் கன்னட இயக்கத்துக்காக உண்டாக்கினது, மஞ்சளும் குங்குமமும்னு அர்த்தம் சொல்வாங்க. 2018 மார்ச்ல சித்தராமையா நடுவுல வெள்ளை சேத்து, கண்டபேருண்டங்கற ரெட்டைத் தலைப் பறவை போட்டு ஒரு மாநிலக் கொடிய காட்டினார், டெல்லி ஒத்துக்கணும்னு அனுப்பினாங்க. சனங்க கைல இன்னிக்கும் பழைய மஞ்சள் செவப்புதான். யாரும் சட்டம் போட்டு ஏத்தச் சொல்லல, பால் பூத்துல இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதுவா பறக்குது. நம்ம தமிழ்நாட்டுல அப்பிடி ஒரு பொதுக் கொடி இருக்கா? கட்சிக் கொடி ஊருக்கு நாப்பது கம்பம். அதனாலதான் அங்கேர்ந்து வர்றவங்களுக்கு இது புரியறதில்ல, கட்சிக் கொடின்னு நினைச்சுக்கறாங்க.

இன்னொண்ணு. எங்க மாமா விவேக்நகர்ல ஆட்டோ ஓட்டறார். 1991 காவிரி கலவரத்துக்கு அப்புறம் கண்ணாடில மஞ்சள் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார், பயத்துல ஒட்டினதுதான், ஒளிக்க என்ன இருக்கு. அப்புறம் நாலு வண்டி மாத்திட்டார். ஒவ்வொரு வண்டிலயும் சாமி படத்துக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கர்தான் ஏறுது. போன வருஷம் ஓசூர்ல ஏறின ரெண்டு பசங்க கன்னடத்த கிண்டல் பண்ணி என்னமோ சொன்னாங்களாம், மாமா சில்க் போர்டுல எறக்கி விட்டுட்டு காசும் வாங்காம வந்துட்டார். வீட்ல வந்து தமிழ்லதான் கத்தினார், “நம்ம பாஷய அவன் எப்பிடிடா பேசலாம்”னு. மாமாவுக்கு கன்னடத்துல கையெழுத்து போடக் கூட தெரியாது.

---

தமிழ்ப்புயல்_77 | அக்டோபர் 23, பகல் 1:02

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. — மட்டுறுத்துனர்]

---

காட்டன்பேட்டை_சேகர் | அக்டோபர் 23, பகல் 1:30

டிலீட் ஆகறதுக்குள்ள படிச்சிட்டேன். புயல் தம்பி, நீங்க அங்க பத்திரமா உக்காந்துட்டு வீரம் பேசலாம், கல்லு விழறது எங்க ஓட்டு மேல.

ஆனா பொண்ணுக்கும் ஒண்ணு சொல்லணும். பொழைக்க வந்த எடத்துல கொஞ்சம் அனுசரிச்சுதான் போகணும்மா. கூப்டாங்களே, அதுவே மரியாதை.

---

ஸ்ரீராம்புரம்_பொண்ணு | அக்டோபர் 23, இரவு 9:48

சேகர் அண்ணா, எங்க தாத்தா பொழைக்க வந்தாரு. நான் பொறக்க மட்டும்தான் வந்தேன்.

ரெண்டாவது கிராஸ் உங்க மாமா கதைய படிச்சிட்டு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

எங்க அப்பா டைலர். மெயின் ரோட்லருந்து உள்ள தள்ளி சின்ன கடை, ரெண்டு மெஷின். தீபாவளி தையலோட அக்டோபர் கடைசில இன்னொரு ஆர்டரும் வரும், ராஜாஜிநகர் பக்கம் ஒரு சங்கம், முந்நூறு நாநூறு கன்னடக் கொடி. தேசியக் கொடி தைக்கறது பெரிய வேலை, சக்கரம் ரெண்டு பக்கமும் சரியா விழணும், ஆரம் இருபத்தி நாலு இருக்கணும், அதெல்லாம் ஹுப்ளி பெங்கேரில கதர்காரங்க பண்றது. இது ரெண்டே துண்டு. மஞ்சள் மேல செவப்ப கவுத்து ஒரு தையல், பிரிச்சு மடிச்சு செவப்பு நூல்ல இன்னொரு தையல், ஓரம் மடிச்சிட்டு கம்பு நுழைய ஒரு குழாய், முடிஞ்சது. தையல் சுலபம், சாயம்தான் சனியன். நவம்பர் தூறல்ல நனைஞ்சா செவப்பு எறங்கி மஞ்சள்ல வழியும், சங்கத்துக்காரங்க திட்டுவாங்க. அதனால அப்பா செவப்புத் தானை மட்டும் மொதநாளே அண்டால கல்லுப்பு கரைச்சு ஊற வெச்சு, மாடில காய வெப்பார். அண்டா ஒரு வாரத்துக்கு ரோஸ் கலர்ல இருக்கும், அம்மா அதுக்கு ஒரு சண்டை போடுவாங்க. மிச்சம் விழற செவப்புல எனக்கு பாவாடைக்கு லைனிங். எங்க தெருவுல பாதிப் பொம்பளப் புள்ளைங்க உள்பாவாடை அந்தக் கொடித் துணிதான், வெளிய சொல்லிடாதீங்க.

1991 டிசம்பர்ல எனக்கு எட்டு வயசு. காவிரி தீர்ப்பு கெஜட்டுல வந்த மறுநாள் ஊரே பத்திக்கிச்சு. அப்பா கடைய சாத்திட்டு வந்தவர் திரும்பவும் போய், பழைய பண்டல்ல மிஞ்சிக் கெடந்த ரெண்டு கொடிய எடுத்து ஷட்டர்ல மாட்டிட்டு வந்தார். ஒண்ணுக்கு ஓரம் கூட அடிக்கல, நூல் தொங்கிட்டு இருந்தது. மூணு கடை தள்ளி ஒரு தமிழ் ஆளோட சைக்கிள் கடைய கொளுத்திட்டாங்க. எங்க கடைய தொடல.

அப்புறம் வருஷா வருஷம் நவம்பர்ல அந்த ஷட்டர்ல கொடி தொங்கும், 2014ல கடைய மூடற வரைக்கும். காலேஜ் படிக்கறப்ப ஒரு நாள் திமிரா கேட்டேன், இன்னுமாப்பா பயம்னு. ஊசில நூல் கோத்துட்டே சொன்னார், “சாயந்தர வெயிலு மூஞ்சில அடிக்குது, அதுக்கு நல்லாருக்கு.” எங்க கடை கிழக்குப் பாத்தது.

இந்தக் கொடிக்குத்தான் நான் தமிழ்நாட்டு சார்பா பூ போடணுமாம்.

---

ஆர்கேபுரம்_ரிட்டயர்ட் | அக்டோபர் 24, காலை 7:30

அம்மா, நான் டெல்லில முப்பத்தி நாலு வருஷம் சர்க்கார் உத்தியோகம், இப்ப பையனோட ஜே.பி. நகர்ல. அங்க இந்தப் பிரச்சனையே வராது, தமிழன் கன்னடியன் தெலுங்கன் எல்லாருமே ‘மதராசி’தான். எங்க கீழ் ஃபிளாட் கர்நாடகா ஹாசன்காரர், அவரும் மதராசி. ரெண்டு பேரும் சேந்தே கோவப்படுவோம், சேந்தே பொங்கலும் சங்கராந்தியும் வெப்போம். இங்க வந்தப்புறம்தான் நான் தமிழன் அவர் கன்னடியன்னு ஞாபகமே வந்துது.

பஸ்ல ‘ஏ மதராசி’ன்னா ரத்தம் கொதிக்கும். ஆனா ஜனவரி 26க்கு குளிர்ல பாஸ் வாங்கிட்டுப் போய் உக்காந்து, மெட்ராஸ் ரெஜிமெண்ட் வர்றப்ப அதே வார்த்தைக்கு எழுந்து நின்னு கை தட்டுவேன். அவங்க போர் முழக்கமே ‘வீர மதராசி, அடி கொல்லு’தானே. ஒரே வார்த்தை. யார் வாய்ல இருந்து வருதுங்கறதுதான் இருக்கு போல.

---

எக்ஸ்_சாப்பர் | அக்டோபர் 24, காலை 7:41

எங்கள எல்லாம் ‘தம்பி’ன்னுதான் கூப்டுவாங்க. ரெஜிமெண்டு வேற. ஆனா கரெக்ட்.

---

கல்வெட்டு_காதலன் | அக்டோபர் 24, பகல் 12:10

தொம்லூர் சொக்கநாதர் கோயில்ல தமிழ்க் கல்வெட்டு இருக்கு, அப்போ இங்க யாரு விருந்தாளி யாரு வீட்டுக்காரன்?

---

ரெண்டாவது_கிராஸ் | அக்டோபர் 24, பகல் 12:25

பேகூர்ல கி.பி. 890 வாக்குல கன்னடக் கல்வெட்டு, பெங்களூருங்கற பேரே அதுலதான் முதல்ல வருது. விடுங்க சார், கல்லுக்கெல்லாம் ஆதார் கார்டு கேக்காதீங்க. வேணும்னா இத கேளுங்க, கன்னடத்துக்கே தலைமகன்னு கொண்டாடற ராஜ்குமார் பொறந்த காஜனூர் இன்னிக்கு ஈரோடு மாவட்டம். 2000ல வீரப்பன் அங்கேர்ந்துதான் அவரக் கடத்தினான், நூத்தியெட்டு நாள். அந்த நூத்தியெட்டு நாளும் எங்க தெருவுல தமிழ்ப் பாட்டு சத்தமா வெக்கல. அவர் திரும்பி வந்தப்ப எங்க அம்மா விட்ட பெருமூச்சு இன்னும் காதுல இருக்கு.

---

பேர்_வேணாம் | அக்டோபர் 25, இரவு 1:17

எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ஊரு, வேலை எதுவும் கேக்காதீங்க ப்ளீஸ்.

நான் பொறந்தது தமிழ்நாட்டுல ஒரு அகதி முகாம்ல. அப்பா அம்மா 1990ல மன்னார்ல இருந்து படகுல வந்தவங்க. இப்ப மறுவாழ்வு முகாம்னு பேர மாத்தியிருக்காங்க, 2021ல. நான் படிச்சது சாதாரண அரசுப் பள்ளி, ஒசரமா இருந்ததால ஆகஸ்ட் 15க்கு கொடிய ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்து தட்டுல வெச்சு கொண்டுவர்றது என் வேலை, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். கொடிக்குள்ள பூவ வெச்சு மடிச்சுக் கட்டறது எனக்கு நல்லா வரும், ஒரே இழுப்புல அவுரும். பத்தாவது முடிஞ்சு ஒரு ஃபார்ம் நிரப்பும்போதுதான் ‘நாட்டினம்’ங்கற எடத்துல கைய வெச்சுட்டு நின்னேன். சார் பாத்துட்டு, “அத விட்டுட்டு மத்தத எழுதுப்பா”ன்னார்.

1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்திருந்தா பொறப்பே போதும். அதுக்கப்புறம்னா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். நான் லேட். 2019ல வந்த சட்டத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்தான், இலங்கை இல்ல. இலங்கைக்கு நான் போனதே இல்ல. அந்தக் கொடில வாளோட சிங்கம் இருக்கும், ஓரமா ஆரஞ்சு பச்சைன்னு ரெண்டு பட்டை, ஆரஞ்சு தமிழருக்குன்னு நெட்டுல படிச்சுதான் எனக்கே தெரியும். அதப் பாத்தா ஒண்ணும் தோணல. தோணணுமான்னும் தெரியல.

அக்கா, உங்க வருத்தத்த சின்னதுன்னு சொல்ல வரல. லிஸ்ட்ல எந்த மாநிலத்துக்கு நேரா என் பேரப் போடுவாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன், அவ்ளோதான்.

---

பெல்லந்தூர்_டிராஃபிக் | அக்டோபர் 25, காலை 9:05

என்ன சொல்றதுன்னே தெரியல ப்ரோ. பெங்களூர்லதான் இருக்கீங்கன்னா ஒரு காபி சாப்டலாம், பேரு சொல்ல வேணாம்.

---

ஆர்கேபுரம்_ரிட்டயர்ட் | அக்டோபர் 25, காலை 9:40

தம்பி, சர்க்கார் பைல் எவ்ளோ மெதுவா நகரும்னு முப்பத்தி நாலு வருஷம் உள்ள இருந்து பாத்தவன் நான். அதனால நல்லது நடக்கும்னு சும்மா வாய் வார்த்தைக்கு சொல்லத் தோணல. உங்க முகாமுக்குப் பழக்கமான வக்கீல் யாராவது இருந்தா அவங்க தொடர்ப விட்டுடாதீங்க, காகிதம் ஒண்ணு விடாம பத்திரப்படுத்துங்க.

---

காட்டன்பேட்டை_சேகர் | அக்டோபர் 25, மாலை 6:15

பொண்ணு, பொழைக்க வந்த எடம்னு நான் எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன். எங்க அப்பாவும் இங்கதான் பொறந்தார், நானும் பழக்க தோஷத்துல அந்த வார்த்தைய சொல்லிட்டே இருக்கேன். உல்சூர் ஏரில திருவள்ளுவர் சிலைய 1991ல வெச்சு, பதினெட்டு வருஷம் சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தாங்களே, தெனம் அந்த வழியா சைக்கிள்ல போவேன். 2009 ஆகஸ்ட்ல தெறந்தப்ப கூட்டத்துல நானும் நின்னேன். நாலே நாள்ல மெட்ராஸ்ல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை தெறந்தாங்க. சாக்குக்குள்ள இருந்த பதினெட்டு வருஷத்துல நாங்களும் குனிஞ்சே நடக்கப் பழகிட்டோம்.

மேடைக்குப் போ. எழுதிக் குடுத்தத படிக்காத.

---

ஸ்ரீராம்புரம்_பொண்ணு | நவம்பர் 1, இரவு 10:22

எல்லாரும் கேட்டதால அப்டேட்.

செக்ரட்டரிகிட்ட முன்னாடியே போய் சொல்லிட்டேன், லிஸ்ட்ல என் பேர எடுத்துடுங்க, நான் சும்மா கூட்டத்துல நிக்கறேன்னு. “யாக்கே மேடம், பேஜாரா?”ன்னார், ஏன், வருத்தமான்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல, கன்னடத்துலயும் வரல தமிழ்லயும் வரல. அப்பா டைலர்னு ஆரம்பிச்சேன், அவருக்கு ஃபோன் வந்துடுச்சு.

காலைல எட்டரைக்கு எல்லாரும் நின்னோம். குஜராத்காரர் பூ போட்டார், சேட்டா ‘எல்லரிகூ நமஸ்கார’ சொல்லி கைதட்டல் வாங்கினார். கொடிய ஏத்தினாங்க. பாலியஸ்டர், கடைல வாங்கினது. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, என்னன்னு ரெண்டு செகண்ட் புரியல, அப்புறம்தான் தெரிஞ்சது. மேல செவப்பு, கீழ மஞ்சள். தலைகீழா கட்டியிருக்காங்க. நூத்தம்பது பேர் நிக்கறாங்க, ஒருத்தரும் கவனிக்கல, நாடகீதே, அதான் மாநிலப் பாட்டு, ஆரம்பிச்சாச்சு.

சத்தியமா சொல்றேன், வாயத் தொறக்க பயந்தேன். தமிழ்க்காரி வந்து உங்க கொடி தப்புன்னு சொன்னா எப்பிடி எடுத்துப்பாங்க? அந்த ரெண்டரை நிமிஷமும் அண்ணாந்து பாத்துட்டே நின்னேன். பாட்டு முடிஞ்ச உடனே என் பையன், பத்து வயசு, மொத வரிசைல இருந்து கத்தறான், “அங்கிள், பாவுட உல்டா இதெ!”ன்னு, கொடி தலைகீழா இருக்காம். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. செக்ரட்டரி மூஞ்சி செவந்து போச்சு, எறக்கி அவுத்தார், முடிச்சு விழல. நான் போய்ட்டேன். குழாய்த் தையல ரெண்டா மடிச்சு கயித்துல எப்பிடி கோக்கணும்னு என் விரலுக்கே தெரியுது, அவ்ளோ வருஷம் பாத்தது. தையல் ரொம்ப மட்டம், ஓரம் சும்மா ஒட்டு போட்டிருக்கான். திருப்பிக் கட்டிக் குடுத்தேன்.

செக்ரட்டரி மைக்ல, “நம்ம தமிள் மேடத்துக்கு ஒரு கைதட்டல்”னு சொன்னார்.

என்னத்த சொல்ல.

---

பெல்லந்தூர்_டிராஃபிக் | நவம்பர் 1, இரவு 10:31

😂😂 அக்கா விடுங்க. மைசூர்பாக்?

---

ஸ்ரீராம்புரம்_பொண்ணு | நவம்பர் 1, இரவு 10:35

இந்த வருஷம் கட் பண்ணிட்டாங்க, கேட்டரிங் பிசிபேளேபாத். உப்பே இல்ல.

பேர்_வேணாம் தம்பி, இருக்கீங்களா? அடுத்த வருஷம் கொடிய நான் தைக்கறதா சொல்லிட்டேன், பருத்தில. கொடிக்குள்ள பூ வெச்சு ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி மடிப்பேன்னீங்களே, அத எனக்கு சொல்லிக் குடுங்க.

---

பேர்_வேணாம் | நவம்பர் 1, இரவு 11:58

இருக்கேன் அக்கா. எழுதினா புரியாது, வீடியோ எடுத்து அனுப்பறேன். கை மட்டும் தெரியற மாதிரி.